பனியன் தைக்கும் பெண்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் திண்டுக்கல், ஈரோடு, கோவை பக்கத்து நூற்பாலைகளிலும் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி எங்கே பேச உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, மகளை மில்லுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மாக்கள் உண்டு, ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். என் சித்தி பதினெட்டு வருடம், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவர். அவர் சொல்லிக் கேட்டதும் இதில் கலந்திருக்கிறது.

"நியாயமான முறையில் தயாரித்தது" என்று விளம்பரங்களில் வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

உரிய கூலி, அளவான நேரம், பாதுகாப்பான கட்டடம், குழந்தைத் தொழிலாளர் இல்லாமை என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். பட்டியல் சரிதான். நான் பார்ப்பது அதைவிடச் சின்ன விஷயம். லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், உட்கார்ந்திருக்கும் பெண் "இது தப்பு" என்று வாய் திறந்து சொல்ல முடிகிறதா? சொன்ன மறுநாளும் அவளுக்கு அதே மெஷினில் வேலை இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பட்டியலில் உள்ள மற்றவற்றை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். இல்லையென்றால், வரவேற்பறைச் சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

இந்த வேலையில் ஏன் பெண்களே அதிகம்? பெண்களின் விரல் நுணுக்கமானது என்கிறார்களே?

விரல் கதையை நம்பாதீர்கள். ஏற்றுமதி பெருகுவதற்கு முன்பு திருப்பூரில் தையல் மெஷினில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1980களில் வெளிநாட்டு ஆர்டர்கள் குவிய ஆரம்பித்த பிறகுதான் பெண்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். அதற்குள் யார் விரலும் மாறிவிடவில்லை. குறைந்த கூலிக்கு, எதிர்த்துப் பேசாத, சங்கத்தில் சேராத ஆட்கள் நிறையப் பேர் தேவைப்பட்டார்கள். "பொம்பளப் பிள்ளைங்கன்னா சொன்ன பேச்சைக் கேக்கும்" என்று ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் வெளிப்படையாகவே சொல்வார்கள்.

உள்ளே வந்த பிறகும் பிரிவினை தொடர்கிறது. கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், மேனேஜர் என்றால் பெரும்பாலும் ஆண். டெய்லருக்குத் துணையாக நிற்கும் கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுவது என்றால் பெண். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்களை ஓட்டும் பெண்கள் இன்று ஏராளம், ஆனால் அவர்களுக்கு மேலே நிற்பவர் ஆணாகவே இருக்கிறார். இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் தலித் பெண்கள் கணிசமானவர்கள். அவர்களை மேய்க்கும் பதவிகளில் வேறு சாதி ஆண்கள். ஒரு பெண் தன் சூப்பர்வைசரைப் பற்றிப் புகார் சொல்லத் தயங்கும்போது, வேலை போய்விடுமே என்ற பயம் மட்டும் அங்கே இல்லை. ஊரில் என்ன நடக்கும் என்ற பயமும் இருக்கிறது.

சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது அரசுத் திட்டமா?

இல்லை. பெயரைக் கேட்டு அரசு கல்யாண உதவி என்று நினைத்து ஏமாந்த குடும்பங்கள் பல. நூற்பாலைகள் தாங்களாக நடத்திய ஏற்பாடு அது. கல்யாணம் ஆகாத பெண்ணை மூன்று வருடத்துக்கு ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்குவது, மாதம் கொஞ்சம் பணம் கொடுப்பது, மூன்று வருடம் முடிந்தால் 30,000, 50,000 என்று மொத்தமாக ஒரு தொகை தருவது. அதை வைத்து நகை வாங்கலாம், கல்யாணம் முடிக்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். 'கேம்ப் கூலி' என்றும் பெயர் உண்டு.

கணக்கைப் பாருங்கள். அந்த மொத்தத் தொகை ஆலையின் பரிசு கிடையாது. மாதாமாதம் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்ததுதான். இரண்டு வருடம் பத்து மாதம் முடிந்த நிலையில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அதுவும் கிடைக்காது என்ற பயத்திலேயே பல பெண்கள் காய்ச்சலோடும் பஞ்சுத் தூசி இருமலோடும் நூற்பு மெஷினில் நின்றார்கள். வெளியே போக அனுமதி கிடையாது, போன் கிடையாது, பெற்றோரைப் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு. கூலியைப் பிடித்து வைத்து ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பதற்குக் கொத்தடிமை முறை என்றுதான் பெயர். அதை ஒழிக்க இந்தியாவில் 1976லேயே சட்டம் வந்துவிட்டது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு அமைப்புகளும் உள்ளூர் அமைப்புகளும் இதை அம்பலப்படுத்திய பிறகு 'சுமங்கலி' என்ற பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. பல இடங்களில் மாதச் சம்பளம் வங்கியில் போடுகிறார்கள். அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் ஹாஸ்டல் கதவு இன்னும் பல இடங்களில் பூட்டியேதான் இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் மட்டும் மாறிவருகிறார்கள்: நம் ஊர்ப் பெண்களோடு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் ஒரு பெண்ணுக்குப் புகார் சொல்வது இன்னும் கஷ்டம்.

ஒரு டி-சர்ட்டின் விலையில் தைத்தவளுக்கு எவ்வளவு போகிறது?

கடை விலையில் 1 முதல் 3 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெளிநாட்டில் நம் பணத்துக்கு 1,000 ரூபாய்க்கு விற்கும் சட்டையில் 10 முதல் 30 ரூபாய். அந்தக் கூலியை இரட்டிப்பாக்கினாலும் வாங்குபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தைப்பவர் வீட்டில் தெரியும்.

குறைந்தபட்சக் கூலி வேறு, வாழ்வதற்குப் போதுமான கூலி வேறு. குடும்பத்துக்குச் சாப்பாடு, வாடகை, மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாம் வாரம் 48 மணி நேர உழைப்பிலேயே கிடைக்க வேண்டும் என்று ஆசியத் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்த ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆசியாவின் ஆடைத் தொழிற்சாலைகள் தரும் கூலி பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. அதனால்தான் திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது பழகிப்போன சொல்லாகிவிட்டது. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை வரை. எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் ஓடினால் யார் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள்? சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு அது தெரியாது.

முதலாளிகள் கெட்டவர்கள் என்கிறீர்களா?

அப்படிச் சொன்னால் எளிதாக முடிந்துவிடும். பல சின்ன முதலாளிகள் நேற்றுவரை டெய்லராக இருந்தவர்கள். அவர்கள் கழுத்தில் கத்தி வைப்பது வெளிநாட்டு பிராண்டு. போன வருட விலையைவிடக் குறைத்துக் கேட்பது, டிசைனை நடுவில் மாற்றிவிட்டு ஏற்றுமதித் தேதியை மட்டும் மாற்றாமல் விடுவது, ஒரு நாள் தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவை இவர்கள் தலையில் கட்டுவது, இதெல்லாம் சாதாரணமாக நடக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது தைத்து முடித்த துணிக்கே பணம் தர மாட்டோம் என்று பல பெரிய பிராண்டுகள் கைவிரித்தன. வங்கதேசத்தில் லட்சக்கணக்கான பெண்கள் அந்த மாதங்களில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள்.

இந்த நெருக்கடி அப்படியே கீழே இறங்குகிறது. பிராண்டு முதலாளியை நெருக்கும், முதலாளி மேனேஜரை, மேனேஜர் சூப்பர்வைசரை. கடைசியில் "மணிக்கு எத்தனை பீஸ்டி போட்டே?" என்று ஒரு பெண்ணின் காதுக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் கத்துகிறான். பாத்ரூம் போனால் கணக்கு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் விசாரித்து எழுதினார்கள்: மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு லீவு தராமல், மருத்துவர் பார்க்காமலே, பெயர் எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். என் சித்தியும் அந்த மாத்திரையை விழுங்கியவர்தான். என்ன மாத்திரை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளியின் கஷ்டம் உண்மை. அதற்காக அந்த மாத்திரையை நியாயப்படுத்த என்னால் முடியாது.

தொழிற்சாலையைச் சோதிக்க ஆடிட் நடக்கிறதே, அது போதாதா?

2012 செப்டம்பர் 11 அன்று பாகிஸ்தானின் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகள் பூட்டு. அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 என்ற புகழ்பெற்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

அடுத்த ஆண்டு 2013 ஏப்ரல் 24, வங்கதேசத்தில் டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்து விழுந்து 1,134 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு எல்லாரும் வெளியே ஓடி வந்திருந்தார்கள். மறுநாள் காலை, உள்ளே போகாவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டி அனுப்பினார்கள். விரிசலைப் பார்க்க அங்கே ஆடிட்டர் வேண்டியிருக்கவில்லை, அந்தப் பெண்களுக்கே தெரியும். "போக மாட்டேன்" என்று சொல்லும் பலம்தான் அவர்களிடம் இல்லை.

நம் ஊரில் ஆடிட் நடக்கும் நாளை வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். கழிப்பறையில் புது சோப்பு இருக்கும். முகக்கவசம், கையுறை எல்லாம் அன்றைக்கு வந்துவிடும். வயது குறைந்த பிள்ளைகளுக்கு லீவு. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே பாடம் நடக்கும். ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பது தொழிற்சாலையோ பிராண்டோ. ஒரு நாள் வந்து போகும் வெளியாளிடம், அதுவும் மேனேஜர் கண் எதிரே, "அவன் என் மேல் கை வைக்கிறான்" என்று எந்தப் பெண் சொல்வாள்?

அப்படியென்றால் எதுதான் வேலை செய்கிறது? உருப்படியான ஒரு உதாரணம் உண்டா?

உண்டு. நம் திண்டுக்கல்லிலேயே. ஆனால் அது ஒரு மரணத்தில் இருந்து தொடங்குகிறது.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அவர் அந்தப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் தொல்லை கொடுத்துவந்தார் என்று குடும்பத்தாரும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள். அந்தப் பெண் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பெண்களே தலைமை தாங்கும் சங்கம் அது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள்.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் என்ன நடக்கும்? பிராண்டு ஓர் அறிக்கை விட்டுவிட்டு ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போகும், "வாயைத் திறந்ததால் வந்த வினை" என்று பழி சங்கத்தின் மேல் விழும். இந்த முறை சங்கம் ஆர்டரை நிறுத்தச் சொல்லவில்லை. இங்கேயே இருங்கள், ஆனால் கையெழுத்துப் போடுங்கள் என்றது. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணியும் அமெரிக்காவின் ஜிஎல்ஜே-ஐஎல்ஆர்எஃப் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பும் துணை நின்றன. 2022 ஏப்ரலில் தொழிற்சாலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் ஸ்வீடன் ஆடை பிராண்டான எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டன. பின்னால் கேப், பிவிஎச் என்ற அமெரிக்க ஆடை நிறுவனங்களும் சேர்ந்தன. இதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். தொழிற்சாலை, நூற்பாலை இரண்டிலும் சேர்த்து 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் அதன் கீழ் வந்தார்கள்.

இது வெறும் வாக்குறுதி இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பாலியல் தொல்லை, சாதி இழிவு, வேறு மாநிலத்துப் பெண் என்பதற்காகத் தாழ்த்துவது, மூன்றும் அதில் ஒன்றாக வருகின்றன. தொழிலாளிகளுக்குள்ளேயே சங்கம் பயிற்சி கொடுத்த கண்காணிப்பாளர்கள் லைனில் இருக்க வேண்டும். அவர்களும் தையல் மெஷினில் உட்காரும் பெண்கள்தான். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. தொழிற்சாலை மீறினால் பிராண்டு அதற்குத் தரும் ஆர்டரில் கை வைக்க வேண்டும். ஆலோசனைக் கூட்டம் போட்டுக் கலைந்துபோக முடியாது.

முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. 185 என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. புகாரே வராத தொழிற்சாலையைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொரு செய்தி. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தில் நாச்சி அப்பேரலின் சரக்கை நிறுத்திவைக்கும் உத்தரவு போட்டது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களை எடுத்துக்காட்டியதும் செப்டம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் முதலாளியின் சரக்கையும் காப்பாற்றியது என்பதை ஏற்றுமதியாளர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?

ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019இல், ஜீன்ஸ் தொழிற்சாலைகளில் நடந்த பாலியல் சுரண்டலுக்கு எதிராக லீவைஸ் உள்ளிட்ட பிராண்டுகளோடு சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் ஒப்பந்தம் போட்டன. வங்கதேசத்தில் ராணா பிளாசாவுக்குப் பிறகு வந்த 'அக்கார்டு' கட்டடப் பாதுகாப்புக்கானது. அதுவும் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டியது, அதனால்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் தீக்கதவும் மின்சார இணைப்பும் சரிசெய்யப்பட்டன.

சட்டமே இருக்கும்போது தனி ஒப்பந்தம் எதற்கு?

பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் பல தொழிற்சாலைகளில் குழு நோட்டீஸ் போர்டில் மட்டும் இருக்கிறது. அதில் தன் பெயர் இருப்பதே தெரியாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தைக் கேட்டு வாங்க சங்கம் மாதிரி ஒரு பலம் வேண்டும். பணியிட வன்முறைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கை 2019இல் வந்தது, இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

வீட்டிலிருந்தே பிசிறு வெட்டும் பெண்கள்?

இவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மூட்டையாக வந்து இறங்கும் துணிக்கு நூல் பிசிறு வெட்டுவது, பட்டன் வைப்பது, பீஸுக்கு இத்தனை பைசா என்று கூலி. பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, முதலாளி யார் என்றே தெரியாது. ஆடிட்டர் இந்த வாசல்படி ஏறுவதில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், முதுகு போனதால் கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். என் சித்தி கடைசி நான்கு வருடம் இதைத்தான் செய்தார்.

இலங்கையில் நிலைமை எப்படி?

கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. அங்கே போனவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிங்களப் பெண்கள். 2011இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து அவர்கள் தெருவுக்கு வந்தபோது போலீஸ் சுட்டு ஓர் இளம் தொழிலாளி இறந்தார், மசோதா கைவிடப்பட்டது. போருக்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியா பக்கமும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் தமிழ்ப் பெண்களுக்கு அந்தச் சம்பளம் பெரிய துணை. அதே காரணத்தால் அவர்கள் எதிர்த்துப் பேசுவதும் கடினம்.

இந்த பிராண்டுகளின் துணியை வாங்காமல் விட்டால் சரியாகுமா?

புறக்கணிப்பை நான் சொல்ல மாட்டேன், அந்தப் பெண்களே கேட்டால் ஒழிய. ஆர்டர் போனால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான். வாங்குவதைவிடக் கேட்பது முக்கியம். "உங்கள் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறீர்களா? அங்கே சங்கம் இருக்கிறதா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?" என்று எழுதிக் கேளுங்கள். ஜெர்மனியில் 2023 முதல் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறலுக்கும் கவனம் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே வசிக்கும் தமிழர்கள் கேட்டால் அதற்கு எடை உண்டு.

லேபிளைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபேர்டிரேட் பருத்தி என்ற முத்திரை பருத்தி விளைவித்த விவசாயிக்கானது, தைத்தவளுக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. ஆர்கானிக் என்றால் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்த பருத்தி என்று அர்த்தம், அவ்வளவுதான். கோட்ஸ் (GOTS) என்ற ஆர்கானிக் துணி முத்திரையில் தொழிலாளர் விதிகளும் உண்டு, ஆனால் அதைச் சோதிப்பதும் ஆடிட் வழியாகத்தான்.

என் மகள் மில்லுக்குப் போகப் போகிறாள். என்ன பார்த்து அனுப்புவது?

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் யோசித்துப் பதில் சொல்வது இதற்குத்தான், அம்மா. ஏஜென்ட் பேச்சை நம்பி வேனில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் அந்த மில்லில் வேலை பார்த்துத் திரும்பி வந்த பெண் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால் தேடிப் போய்ப் பேசுங்கள். அப்புறம் ஒருமுறை நீங்களே போய் ஹாஸ்டலைப் பாருங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் அதுவே பதில்.

சம்பளம் மாதாமாதம் முழுசாக அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வர வேண்டும், ஏடிஎம் கார்டு அவள் கையில் இருக்க வேண்டும், வார்டனிடம் இல்லை. "மூன்று வருடம் கழித்து மொத்தமாக" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிஎஃப் எண், இஎஸ்ஐ அட்டை கேட்டு வாங்குங்கள். ஆதார், சர்டிபிகேட் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். போன் அவளிடமே இருக்கட்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புங்கள்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லி அனுப்புங்கள். "பிடிக்கலைன்னா என்ன ஏதுன்னு கேக்க மாட்டோம், அன்னிக்கே கிளம்பி வந்துடு. பணத்தைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்." இந்த ஒரு வார்த்தை வீட்டிலிருந்து வராததால்தான் சித்தி பதினெட்டு வருடம் நின்றேன் என்று சொல்வார்.